எப்படி நின்னுச்சு அண்ணாச்சி?

வாகைக்குளம் சுங்கச்சாவடியைத் தாண்டித் தூத்துக்குடியை நோக்கி வரும் நான்குவழிச் சாலை. சித்திரை வெயில். எண்பதில் ஓடிக்கொண்டிருந்த பதினெட்டு வயது மாருதி 800 திடீரென்று தளர்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முக்குகிறதே தவிர முன்னே போகவில்லை. அறுபது, நாற்பது, இருபது. பின்னால் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருகிறது. இடப்பக்கம் ஒதுக்கியதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே அது சமர்த்தாக ஓடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கோளாறு, வண்டி ஒரேயடியாக நின்றுபோவதைவிடத் தொல்லையானது. நின்றுபோன வண்டியில் கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வந்து வந்து போகும் கோளாறைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டை சாலையிலும் எட்டயபுரம் சாலையிலும் பட்டறை வைத்திருக்கும் பழைய கை மெக்கானிக்குகள் இதைத் துரத்தும் விதம் தனி. ஸ்பேனரை எடுக்கும் முன் வாயைத் திறப்பார்கள்.

“எப்படி நின்னுச்சு அண்ணாச்சி? பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?”

“இழுத்து இழுத்துத்தான்.”

“எத்தனை கிலோமீட்டர் ஓடுன பொறவு? டேங்க்ல பெட்ரோல் எவ்வளவு கெடந்துச்சு? ஆறுன பொறவு எடுத்துச்சா, சூட்டோடயே எடுத்துச்சா?”

பொழுதுபோக்குக்குக் கேட்பது போலத் தோன்றும். ஆனால் பாதி வேலை இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது. காரில் எந்தப் பாகம் கெட்டது என்பதைவிட, எந்த நேரத்தில், எந்த மாதிரி கெட்டது என்பதுதான் பழைய காரில் பேசும்.

காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம், எரிந்த புகை வெளியே போக வழி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பொறியைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் விநாடிக்கு 25 முறை பொறி விழ வேண்டும். மூன்று சிலிண்டர் மாருதியில் விநாடிக்கு 75. நான்கு சிலிண்டர் அம்பாசடரில் 100. பேட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். அதைக் காயில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றித்தான் பிளக்குக்கு அனுப்புகிறது.

இவற்றில் ஒவ்வொன்றும் குறையும்போது வண்டி ஒவ்வொரு விதமாக முனகும்.

கரண்ட் போனால் பட்டென்று போகும். சுவிட்சை அணைத்தது போல. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே டாக்கோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் பற்றவைக்கும் பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் தட்டினால் அப்படி நிற்காது. கார்பரேட்டர் வண்டியில் ஃப்ளோட் சேம்பர் என்ற சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் கிடக்கும். டேங்கிலிருந்து வரத்து நின்றாலும் அந்தக் கிண்ணம் தீரும்வரை வண்டி ஓடும். மேடு ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் திணறும். காலை எடுத்தால் கொஞ்சம் தேறும். மறுபடி மிதித்தால் மறுபடி திணறும். சைலன்சர் வழி அடைத்திருந்தால் குலுக்கலே இருக்காது. மூட்டை சுமந்து மாடியேறுபவர் போல வேகம் மட்டும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும்.

வாகைக்குளத்து மாருதி இழுத்து இழுத்து நின்றது. கால் மணி நேரம் ஓய்வு கொடுத்ததும் எடுத்தது. பழகிய மெக்கானிக் இங்கே பானெட் பக்கமே போகமாட்டார். வண்டியின் பின்பக்கம் போவார்.

அவர் முதலில் தொடுவது பெட்ரோல் டேங்க் மூடி. டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று மூடியிலோ டேங்கை ஒட்டிய குழாயிலோ ஊசிமுனை அளவு வழி வைத்திருப்பார்கள். தூசியும் துருவும் அதை அடைத்துவிட்டால், டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோலைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். பத்து இருபது கிலோமீட்டரில் வண்டி முக்க ஆரம்பிக்கும். நின்ற இடத்தில் மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் பலமாகக் கேட்கும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்க்கும்போது கோளாறு வரவில்லை என்றால் விஷயம் முடிந்தது. இதற்குப் போய் கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

சத்தம் கேட்கவில்லையா? அடுத்து டேங்கின் அடிப்பகுதி. அதிகம் ஓடாத வண்டியில் டேங்க் பெரும்பாலும் பாதி காலியாகவே கிடக்கும். கடற்கரைக் காற்றின் ஈரம் அந்தக் காலியிடத்தில் இரவெல்லாம் நீராக வியர்க்கும். நீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். தங்கிய இடத்தில் இரும்பு துருவாகும். வண்டி ஓடும்போது இந்தத் துருப்பொடி கிளம்பி உறிஞ்சுகுழாயின் வலையில் போய் அப்பிக்கொள்ளும். நின்றதும் உறிஞ்சல் நின்று, பொடி கீழே படியும். கால் மணி நேரத்தில் வண்டி ‘தானாகவே சரியாகிவிடும்’. மறுபடி பதினைந்து கிலோமீட்டர், மறுபடி அதே கதை. பெட்ரோல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரம் ஓடும். பழைய ஃபில்டரை வெள்ளைத் தட்டில் தலைகீழாகத் தட்டிப் பார்த்தால் செம்பழுப்பாய், மிளகாய்ப்பொடி போல விழும். அப்போது டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் இன்னொரு சோதனை, காசில்லாதது. சாவியை ஸ்டார்ட் வரை திருகாமல் ஒரு நிலை மட்டும் திருப்பினால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ஈங்’ என்று மெல்லிய சத்தம் வரும். டேங்குக்குள் இருக்கும் மோட்டார் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. வண்டி நின்ற உடனே, ஆறவிடாமல் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ், ஒயர் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். இந்த பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்து அதிலேயே குளிர்ந்துகொள்வது. எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் சூடாகிச் சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பம்ப் கோளாறு பழைய வண்டிகளுக்கு மட்டும் சொந்தமல்ல. 2020 ஜூனில் ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் 65,651 கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: 2018-ல் தயாரான கார்களில் பம்ப்புக்குள் சுழலும் பகுதியில் குறை, ஓட்டத்தில் எஞ்சின் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

அம்பாசடர் காலத்து டிரைவர்களுக்கு பம்ப் என்றால் ஏசி பம்ப். எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தியிருக்கும். எஞ்சின் சுழற்சியில் இயங்கும். பின்னால் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுப்பது இதன் வேலை. பெட்ரோல் ஏறக்குறைய 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும் திரவம். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே அதற்கும் முன்னதாகவே கொதிக்கும். மே மாதத்தில், மணியாச்சி ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் பானெட்டுக்கு அடியில் அடுப்பு எரிவது போலத்தான். குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கும். ஆவியை பம்ப்பால் தள்ள முடியாது. டிரைவர் இறங்கி, தோள் துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்ப் மேல் சுற்றி, டீ குடித்துவிட்டு வருவார். வண்டி எடுத்துவிடும். இந்த ஈரத்துண்டு வைத்தியத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. இயற்பியல்படி அது முற்றிலும் சரியான வைத்தியம்.

ஆனால் ‘சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது’ என்பதற்கெல்லாம் பெட்ரோல் ஆவியே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கரண்ட் பக்கமும் இதே நாடகத்தை ஆடும் பாகங்கள் இருக்கின்றன.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1910 வாக்கில் காடிலாக் காருக்கு அமைத்துக் கொடுத்த பாயிண்ட், காயில், கண்டென்சர் ஏற்பாடுதான் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் நெடுங்காலம் நீடித்தது. பாயிண்ட் என்பது ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள். அவை பிரியும்போது இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறி. பிரியும் இடத்திலேயே பொறி வீணாகாமல் விழுங்கிக்கொள்வது சுண்டுவிரல் நுனி அளவுள்ள கண்டென்சரின் வேலை. அது நைந்துபோனால், குளிர்ந்த நிலையில் ஒழுங்காக இருக்கும்; சூடேறியதும் வண்டி மிஸ்ஸிங் அடித்து, எடுப்பில்லாமல் போய், நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் முனைகள் கருநீலமாக வெந்திருக்கும். நெடுந்தூரம் போகும் அம்பாசடர் டிரைவர்கள் டாஷ்போர்டில் செய்தித்தாளில் மடித்து ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர் வைத்திருந்தது இதற்குத்தான்.

பாயிண்டுக்குப் பதில் மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் சூடு விடவில்லை. அமெரிக்காவில் 1983 முதல் 1995 வரையிலான பல ஃபோர்டு மாடல்களில், பொறியைக் கட்டுப்படுத்தும் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே, எஞ்சின் சூடு படும் இடத்தில் பொருத்தியிருந்தார்கள். சூட்டில் அது செயலிழந்து ஓட்டத்திலேயே எஞ்சின் நிற்கும்; ஆறியதும் ஓடும்; ஒர்க்‌ஷாப்பில் சோதித்தால் நன்றாகவே இருக்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ல் கலிஃபோர்னியா நீதிபதி மைக்கேல் பாலாச்சி, அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ‘வண்டி நிற்கிறது, ஆனால் காட்டும்போது நிற்பதில்லை’ என்று புலம்பும் வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பிற்கால எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கிராங்க் சென்சாரும் இதே போலச் சூட்டில் மயங்கி, ஆறியதும் விழித்துக்கொள்ளும்.

இனி, தூத்துக்குடிக்கே உரிய வில்லன். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி விளைவது இந்த மாவட்டத்து அளங்களில். முள்ளக்காடு பக்கமோ தருவைக்குளம் பக்கமோ வண்டியில் போனால் இருபுறமும் வெள்ளைக் குவியல்கள். கண்ணுக்குத் தெரியும் உப்பு லாரியில் ஏறிப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத உப்பு காற்றில் வந்து ஒவ்வொரு போல்ட்டிலும் ஒயர் முனையிலும் உட்காருகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலோர இரவுகளில் இந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். ராத்திரி நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைந்து, ஒவ்வொரு உலோக இணைப்பும் சின்னச் சின்ன மின்கலம் போல அரிக்கிறது.

இதில் முதலில் அடிபடுவது எர்த் ஒயர். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் கனமான ஒயரும் பின்னல் பட்டையும்தான் வண்டி முழுவதற்கும் கரண்ட் திரும்பி வரும் பாதை. அதன் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டால், ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் காயிலுக்கும் பம்ப்புக்கும் போதுமான கரண்ட் போகாது. மேடுபள்ளத்தில் குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். வண்டி எடுப்பில்லாமல் போவதும், ஒரு குலுக்கலில் தானே சரியாவதும் அப்படித்தான். சென்சார் தவறாகச் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் ஸ்கேனர் காட்டும். சென்சாரை மாற்றினாலும் தீராது. ஏனென்றால் சென்சார் கெடவில்லை, அதற்கு எர்த் கிடைக்கவில்லை.

சோதனை சுலபம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிளை மைனஸிலிருந்து எஞ்சினுக்கு நேரடியாக மாட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். வண்டி சட்டென்று சுறுசுறுப்பானால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

உப்பு செய்யும் இன்னொரு வேலை எஞ்சினோடு சம்பந்தமே இல்லாதது. பிரேக் சிலிண்டரும் ஹேண்ட்பிரேக் கேபிளும் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதாக விடாது. ஓட்டுபவருக்கு ‘வண்டி இழுக்க மாட்டேங்கு’ என்றுதான் தெரியும். பாவம், எஞ்சின் இறுகிப்போன சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும். நின்றதும் நான்கு சக்கரங்களின் பக்கமும் புறங்கையை நீட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் அனலாக வீசும். கிளட்ச் வழுக்கினாலும் இதே ஏமாற்று நடக்கும். ஆனால் அப்போது எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. அந்தச் சத்தத்தைக் கவனித்துச் சொல்பவர் மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்துகிறார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இந்த ஊர் பட்டறைகள் இலேசில் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயிலும் அதன் சுமார் 800 பயணிகளும் சிக்கிக்கொண்டது நாடு முழுக்கச் செய்தியானது. தெருக்களில் நின்ற கார்கள் சீட்டளவு தண்ணீரில் கிடந்தன.

தண்ணீரில் மூழ்கிய காரை உடனே ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். நீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். இது அன்றைக்கே தெரிந்துவிடும் சேதம். மெல்லத் தெரியும் சேதம் வேறு. செம்பு ஒயரின் மெல்லிய இழைகளுக்கிடையே, திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் ஏறிச் செல்லும். வெளியே ஒயரின் உறை பளபளப்பாக இருக்கும். உரித்தால் உள்ளே செம்பு பச்சை பாரித்துப் பொடியாக உதிரும். பல மாதம் கழித்து, ஒரு வெயில் நாளில், ஓட்டத்தில் வண்டி எடுப்பிழக்கும்போது யாருக்கும் அந்த மழை ஞாபகத்துக்கு வராது. வெள்ளத்துக்குப் பின் கைமாறிய பழைய கார் வாங்குகிறவர்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுவதும் நல்லது.

கொஞ்ச காலமாகப் பேச்சில் அடிபடும் இன்னொரு சந்தேகம், எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமானது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. அதாவது மைலேஜ் குறைவது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓடும்போது திடீரென்று வண்டி தளர்வதற்கு எத்தனாலை நேரடியாகக் குற்றம் சொல்வது பெரும்பாலும் அவசரப்படுவது.

எத்தனால் செய்வது சுற்றுவழி வேலை. இருபது வருடமாக டேங்கில் படிந்திருந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் ஏசி பம்ப்பின் டயாப்ரத்தையும் ஊறவைத்துத் தளர்த்தும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்திலிருந்துதான். மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் பனிமய மாதா கோயிலுக்குப் போய்வரும் பழைய காரில் இது நடக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட வண்டிக்கு உபாயம் ஃபில்டரை முன்கூட்டி மாற்றுவது, எத்தனாலுக்குத் தாங்கும் குழாய் போடுவது, டேங்கைக் காலியாகப் போடாமல் இருப்பது. கடைகளில் விற்கும் கலர் கலரான ‘பவர் கூட்டும்’ பாட்டில்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

சைலன்சர் அடைப்பு பற்றிச் சுருக்கமாக. பெருநகரங்கள் நான்கில் 1995 ஏப்ரலிலிருந்து புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பிறகு எங்கும் வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் துளைகள் வழியாகப் புகை போகும். ஒரு பிளக் பொறி விடாமல் பல நாள் ஓடினால், எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்து தேன்கூட்டையே உருக்கும். வழி அடைந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் தவிக்கும். இரவில் வண்டியின் அடியில் செக்கச்செவேலென்று ஒளிர்வது அடையாளம். காய்ந்த புல் மேல் அந்த வண்டியை நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு சாத்தியங்கள் இருக்கும்போது பலரும் செய்வது என்ன? பிளக் மாற்று. போகவில்லையா, காயில் மாற்று. பிறகு பம்ப், பிறகு சென்சார். முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் கரையில், எடுத்து வந்த சிப்பியில் அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, வாய் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாமல்தான் வியாபாரி விலை கேட்பார். 1961-க்குப் பிறகு அந்தப் பெரிய குளிப்பு நடக்கவில்லை. பழைய கார் சொந்தக்காரர்கள் மட்டும் பார்ட்ஸ் கடைகளில் அதே ஏலத்தை இன்றும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் எஞ்சின் தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் வசதி 2010-க்குப் பின் பி.எஸ். 4 மாசு விதிக் கார்களோடுதான் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்திய வண்டிகளில் பலவற்றில் மாட்டவே இடமிருக்காது. மாட்டினாலும் அது சொல்வது விளைவை. ‘மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்’ என்று வரும். பிளக்கா, ஒயரா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை மனிதர்தான் பிரித்தறிய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், வண்டி தளரும் அந்த நிமிடத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஹசார்ட் விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்குவதுதான் முதல் வேலை. எஞ்சின் நின்றாலும் பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குச் சக்தி மிச்சமிருக்கும். அதற்கு மேல் கால் கல்லை மிதிப்பது போல இருக்கும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனக்கும். பதற்றத்தில் சாவியைக் கடைசி வரை பின்னுக்குத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். துறைமுகச் சாலையில் இரவெல்லாம் டிரெய்லர்கள் ஓடும். நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஓரக் கம்பிக்கு அப்பால் நிற்பதே பத்திரம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. டெம்பரேச்சர் முள் சிவப்பில் இருந்தால் ரேடியேட்டர் மூடியை ஆறும்வரை தொடவே கூடாது.

பத்திரமாக ஒதுங்கிய பிறகு ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்: எந்த வேகம், எத்தனை கிலோமீட்டர், ஏசி ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு, எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரத்தில் திரும்ப எடுத்தது. செல்போனில் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. வண்டி மெக்கானிக் முன்னால் நடிக்காதபோது இந்தக் குறிப்புதான் சாட்சி சொல்லும்.

வாகைக்குளத்து மாருதிக்கு டேங்க் மூடியைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. ஃபில்டரும் சுத்தம். சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் ‘ஈங்’ வந்தது, ஆனால் தொண்டை கட்டியது போல. பட்டறைக்காரர் பின்சீட்டைத் தூக்கி, பம்ப்புக்குப் போகும் கறுப்பு ஒயரைத் தொடர்ந்து போய், பாடியில் திருகியிருந்த இடத்தில் நின்றார். திருகைக் கழற்றியதும் வளையத்துக்கு அடியிலிருந்து சாம்பல் நிறப் பொடி கொட்டியது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார், வளையத்தையும் தேய்த்தார், இறுக்கித் திருகி மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். மறுபடி சாவி. இந்த முறை சத்தம் கணீரென்று இருந்தது.

“முள்ளக்காடு வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க அண்ணாச்சி,” என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. “வந்து நிப்பாட்டுன உடனே நாலு வீலையும் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. பின்னாடி இடதுபக்கம் லேசா இறுகுற மாதிரி இருக்கு.”